வீட்டில் யார் சொல்வது? கிராமத்து நாவல்களில் காதலும் காணியும்

இந்த வாரம் மண்ணச்சநல்லூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல இருந்து பேசுறேன். பின்னாடி ஒரு இரைச்சல் கேட்டா அது மைக் கோளாறு இல்ல, ரைஸ் மில். எடிட் பண்ணும்போது முடிஞ்ச வரைக்கும் குறைச்சிருக்கேன், முழுசா எடுக்க முடியல. எங்க ஊர் அரிசியைச் சாப்பிடுறவங்க அந்தச் சத்தத்தையும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

போன மாசம் நிறைய பேர் ஒரே மாதிரி ஒரு விஷயத்தைக் கேட்டிருந்தீங்க. "பழைய கிராமத்து நாவல்கள்ல வர்ற காதல் பத்திப் பேசுங்க. டேட்டிங் ஆப் எதுவும் இல்லாம, பார்வையிலேயே, பேசாமலே காதலிச்சாங்களே, அந்தப் புனிதம் இப்ப எங்க போச்சு?" இதான் கேள்வி.

அந்தப் "பேசாமலே"ங்கிற வார்த்தையைத்தான் இன்னைக்கு எடுத்துக்கப்போறேன். அந்த நாவல்கள்ல வர்றவங்க ஏன் பேசல? வெக்கமா? பண்பாடா? நான் படிச்ச வரைக்கும் காரணம் வேற. யாருக்கு நிலத்துல பிடி இருக்கோ, அவங்களுக்குத்தான் வாயைத் திறக்குற உரிமை இருக்கு. பிடி இல்லாதவங்க பேசல. அந்த மௌனத்தை நாம அழகுன்னு வாசிச்சுக்கிட்டிருக்கோம்.

அறம்னு பேர் வச்ச ஒரு சம்பவம்

நாவலுக்கு முன்னாடி, கொஞ்சம் பின்னோக்கிப் போயிட்டு வருவோம். பள்ளிக்கூடத்துல அகத்திணை படிச்சிருப்பீங்க. களவு, கற்பு, குறிஞ்சி, முல்லைன்னு மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டு மறந்திருப்போம். அதுல "அறத்தொடு நிற்றல்"னு ஒரு துறை இருக்கு. ஞாபகம் இருக்கா?

தலைவி ஒருத்தனை விரும்புறா. அது வீட்டுக்குத் தெரியாது. வீட்டுல வேற இடத்துல பேசி முடிக்கப் பாக்குறாங்க. இப்ப சொல்லியாகணும். எப்படிச் சொல்றது? அதுக்கு ஒரு வரிசை உண்டு. தலைவி தோழிகிட்ட சொல்லுவா. தோழி செவிலித்தாய்கிட்ட சொல்லுவா. செவிலி பெத்த தாய்கிட்ட சொல்லுவா. தாய் அப்பாகிட்டயும் அண்ணன்மார்கிட்டயும் சொல்லுவா. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, நாலு கட்ட அப்ரூவல். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒருத்தர் பொறுப்பெடுத்துக்கிட்டு அடுத்தவர்கிட்ட கொண்டுபோறார்.

இதுல எனக்குப் பிடிச்சது அந்தப் பேர்தான். காதலை வீட்டுல சொல்றதுக்கு நம்ம இலக்கணம் வச்ச பேர் "அறம்". மறைக்கிறது அறம்னு சொல்லல, சொல்றதைத்தான் அறம்னு சொல்லுது. அதனால "நம்ம மரபுல காதலைப் பத்திப் பேசவே மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா, தொல்காப்பியமே ஒத்துக்காது.

இன்னொரு துறை, இற்செறிப்பு. பொண்ணு மேல சந்தேகம் வந்ததும் அவளை வீட்டுக்குள்ளயே வைக்கிறது. வெளிய அனுப்ப மாட்டாங்க. இந்த ரெண்டு துறையையும் மனசுல வச்சுக்கோங்க. இருபதாம் நூற்றாண்டு நாவல்களுக்குள்ள இதுங்க என்ன ஆகுதுன்னு பாக்கலாம்.

புத்தம் வீடு: சங்கிலி அறுந்த இடம்

முதல் நாவல் ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு'. 1964ல வந்தது. அவங்க திருவனந்தபுரத்துல ஆங்கிலப் பேராசிரியையா இருந்தவங்க. கதை நடக்கிறது குமரி மாவட்டப் பக்கம், பனைமரங்கள் நிறைஞ்ச ஒரு கிராமத்துல. ஒரு காலத்துல வசதியா வாழ்ந்து இப்ப சரிஞ்சுக்கிட்டிருக்கிற ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டுப் பொண்ணு லிஸி. அந்த வீட்டுப் பனைகள்ல ஏறுற பனையேறியோட மகன் தங்கராஜ்.

கவனிங்க, ரெண்டு பேரும் ஒரே சாதி, ஒரே மதம். ஆனா ஒரு வீட்டுக்குப் பனை சொந்தம், இன்னொரு வீடு அந்தப் பனையில ஏறுற வீடு. இடையில இருக்கிற சுவர் அதுதான்.

லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திடுறாங்க. வீட்டுக்குள்ள இருக்கணும். அதான் இற்செறிப்பு. யாரு மேலயும் சந்தேகம் வந்து செஞ்சதில்ல, குடும்ப கௌரவத்துக்காக முன்கூட்டியே செய்றாங்க. கையில காசு குறையக் குறைய, அந்தக் குடும்பம் காப்பாத்திக்கிறதுக்கு மிச்சம் இருக்கிறது கௌரவம் ஒண்ணுதான். அந்த கௌரவத்தோட எடையை வீட்டுப் பொண்ணு தலையில வச்சுடுறாங்க.

பழைய பாட்டுல தலைவிக்குத் தோழி இருந்தா. லிஸிக்கு? வெளிய போகாதவளுக்குத் தோழி எங்க இருந்து வருவா? அவளுக்காகப் போய்ப் பேச ஒரு ஆள் சுலபமாக் கிடைக்கிறதில்ல. அறத்தொடு நிக்கிற சங்கிலியோட முதல் கண்ணியே இல்ல. அதனால நாவல் முழுக்க லிஸி காத்திருக்கிறதைத்தான் நாம பாக்குறோம். இதுக்கு நடுவுல அந்தக் குடும்பத்துல ஒரு கொலை நடக்குது, பழி தங்கராஜ் மேல விழுது. உண்மையில யார் செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

இங்க நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். லிஸி பேசாம இருக்கிறதைப் பார்த்து "எவ்வளவு அழகான அமைதியான காதல்"னு சொல்றது ரொம்ப சுலபம். ஆனா ஹெப்சிபா அந்த அமைதியை அழகுபடுத்தல. வீட்டு வேலை, மாறாத சுவர், போற வருஷங்கள், இதுங்களுக்கு நடுவுல ஒரு பொண்ணு தன் விருப்பத்தைக் கைவிடாம வச்சிருக்கிறது எவ்வளவு உழைப்புன்னு காட்டுறாங்க. அந்த மௌனத்துக்குப் பின்னாடி ஒரு பிடிவாதம் இருக்கு.

நாகம்மாள்: காதலுக்கு விலை நாலு வயக்காடு

ரெண்டாவது, ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மாள்'. 1942. கொங்கு நாட்டு கிராமம், கொங்குப் பேச்சு. தமிழ்ல வட்டார நாவலுக்கு முன்னோடின்னு இதைத்தான் சொல்றாங்க. நூத்துச் சொச்சம் பக்கந்தான், ஒரு திருச்சி டு சென்னை ரயில் பயணத்துல முடிச்சுடலாம்.

நாகம்மாள் கணவனை இழந்தவ. ஒரு பெண் குழந்தை. கொழுந்தன் சின்னப்பன், அவன் மனைவி ராமாயி, இவங்களோட கூட்டுக்குடும்பமா இருக்கா. ஊர்ல கெட்டியப்பன்னு ஒரு ஆள், சண்டியர். அவனுக்கும் இவளுக்கும் ஒரு உறவு இருக்கு. ஆசிரியர் அதை விளக்கி ஒரு வசனம் எழுத மாட்டார், ஊர்ப் பேச்சுலயும் வந்துபோற நேரங்கள்லயும் நமக்குப் புரியும். ஒரு கட்டத்துல நாகம்மாள் கேக்குறா: என் பங்கைப் பிரிச்சுக் குடு. அதுக்கப்புறம் கதை போற வேகமே வேற. கடைசியில காட்டுல ரத்தம் விழுது.

இதைக் காதல் நாவல்னு யாரும் சொல்றதில்ல. "நிலத்தகராறு நாவல்"னு வகைப்படுத்திடுவாங்க. என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே விஷயம். ஏன்னு புரிய அந்தக் காலத்துச் சட்டத்தைப் பாக்கணும்.

1856ல விதவை மறுமணச் சட்டம் வந்துச்சு. பாடப்புத்தகத்துல சீர்திருத்தம்னு படிச்சிருப்போம், சரிதான். ஆனா அதே சட்டத்தோட 2ஆம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, மறுமணம் செஞ்ச விதவைக்கு முதல் கணவன் சொத்து மேல இருக்கிற உரிமை போயிடும். அவ செத்துப்போனதாவே கணக்குல எடுத்துக்கிட்டு அடுத்த வாரிசுக்குப் போகும். அப்புறம் 1937ல இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம். கூட்டுக்குடும்பச் சொத்துல கணவனோட பங்கு, ஆயுள் வரைக்கும், விதவைக்கு வரும். பாகம் பிரிச்சும் கேக்கலாம். நல்ல விஷயமா? கொஞ்சம் பொறுங்க. 1941ல ஃபெடரல் கோர்ட் சொல்லிடுச்சு, இந்தச் சட்டம் மாகாணங்கள்ல விவசாய நிலத்துக்குப் பொருந்தாதுன்னு. சென்னை மாகாணம் அதை விவசாய நிலத்துக்கு நீட்டி ஒரு சட்டம் போட்டது 1947ல.

நாவல் வந்தது 1942. அதாவது, வீட்டைப் பிரிச்சுக் கேக்கலாம், வயலைக் கேக்க முடியாதுன்னு சட்டம் நின்ன அந்த இடைவெளியில. சண்முகசுந்தரம் அந்தத் தீர்ப்பைப் படிச்சுட்டு எழுதினார்னு நான் சொல்ல வரல. அந்த வருஷம் ஒரு கிராமத்துப் பொண்ணு வயல்ல பங்கு கேட்டா, அவளுக்குப் பின்னாடி சட்டம்னு எதுவும் உறுதியா நிக்கல. நின்னது கெட்டியப்பன் மாதிரி ஒரு ஆளோட தடி மட்டும்தான். ஒருவேளை அவனைக் கட்டிக்கிட்டாலோ, 1856 சட்டப்படி அந்த அரைகுறை உரிமையும் போயிடும்.

இப்ப சொல்லுங்க, அவ வெளிப்படையா என்னத்தைப் பேசுவா? "உன்னைப் பிடிச்சிருக்கு"ன்னு சொன்னா காடு போகும். "காடு குடு"ன்னு கேட்டா ஊர் அவ நடத்தையைப் பேசும். இந்த முடிச்சை நாவல் ஒரு இடத்துலகூட நின்னு விளக்கல. அந்த வீட்டோட அன்றாடத்தைக் காட்டுது, அவ்வளவுதான். அதனாலதான் 80 வருஷம் கழிச்சும் படிக்க முடியுது.

கடல் தாண்டி ஒரு பண்ணை

"இது நம்ம ஊர்ப் பிரச்சனை, வெள்ளைக்காரன் கிராமத்துல ஜாலியா லவ் பண்ணிருப்பான்"னு நினைக்கிறவங்களுக்கு ஒரு ஆங்கில நாவல். தாமஸ் ஹார்டி, 'ஃபார் ஃப்ரம் தி மேடிங் கிரவுட்', 1874. ஆடு மேய்க்கிற கேப்ரியல் ஓக், பாத்ஷீபாங்கிற பொண்ணுகிட்ட நேரா வந்து கல்யாணம் பண்ணிக்கிறியான்னு கேக்குறான். அவ முடியாதுங்கிறா. அப்புறம் மாமா மூலமா ஒரு பண்ணை அவ கைக்கு வருது. ஆடுகளை இழந்த ஓக், அவகிட்டயே வேலைக்குச் சேருறான்.

எவ்வளவு சுலபமாப் பேசுறாங்க பாத்தீங்களா? கேக்குறான், மறுக்குறா, சண்டை போடுறாங்க, வேலையை விட்டுப் போகச் சொல்றா. ஏன் பேச முடியுதுன்னா, பண்ணை அவ கையில. சம்பளம் குடுக்கிறவ அவ. ஆனா அதே பாத்ஷீபா டிராய்ங்கிற சிப்பாயைக் கட்டிக்கிட்டதும் என்ன ஆகுது? பண்ணைக்கு அவன் எஜமானன் ஆயிடுறான், அவ காசைக் குதிரைப் பந்தயத்துல விடுறான். கல்யாணமான பெண் தன் சொத்தைத் தானே முழுசா வச்சுக்கலாம்னு இங்கிலாந்துல சட்டம் வந்தது 1882ல, நாவலுக்கு எட்டு வருஷம் கழிச்சு. ஆக, அங்கயும் நிலம் கையில இருந்தப்போ குரல் இருந்துச்சு, நிலத்தோட பிடி போனதும் குரலும் தேஞ்சுச்சு.

முசிறிக்காரம்மா

இந்த வரிசையில எங்க பக்கத்து ஊர்க்காரங்க ஒருத்தரைச் சொல்லாம விட முடியாது. ராஜம் கிருஷ்ணன். 1925ல முசிறியில பிறந்தவங்க. சின்ன வயசுலயே கல்யாணம். கணவரோட மின்வாரிய வேலைக்காக நீலகிரிக்குப் போய், அங்க படகர் மக்களோட வாழ்க்கையைப் பார்த்து எழுதினதுதான் 'குறிஞ்சித் தேன்', 1963. குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும். அந்தக் கதையில தலைமுறைகளோட கடிகாரமே அந்தப் பூதான். ஒரு பூப்புக்கும் அடுத்த பூப்புக்கும் நடுவுல தேயிலை வருது, காசுப் பயிர் வருது, மின்திட்டம் வருது. கையில காசு வர்ற விதம் மாறும்போது, யாரை யாருக்குக் கட்டிக் குடுக்கலாம்ங்கிற கணக்கும் மாறுது.

காலமெல்லாம் பெண்களோட உழைப்பையும் உரிமையையும் எழுதின அவங்க, கணவர் இறந்த பிறகு வீடு இல்லாம முதியோர் இல்லத்துல இருக்க வேண்டி வந்துச்சு. 2009ல தமிழக அரசு அவங்க எழுத்துகளை நாட்டுடைமை ஆக்குச்சு, அவங்க உயிரோட இருக்கும்போதே. 2014ல இறந்தாங்க. இதை இரக்கத்துக்காகச் சொல்லல. சாகித்ய அகாதமி பரிசு வாங்கினாலும் தலைக்கு மேல கூரை யார் பேர்ல இருக்குங்கிற கேள்வி போறதில்லங்கிறதுக்காகச் சொல்றேன்.

சரி, 2020கள்ல நமக்கு என்ன?

என் தோழி ஒருத்தி. அவ சம்மதத்தோட, அடையாளத்தையெல்லாம் மாத்திச் சொல்றேன். சென்னையில சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மூணு வருஷமா ஒருத்தரை விரும்பினா. வீட்டுல சொல்ல எட்டு மாசம் எடுத்துக்கிட்டா. கடைசியில சொன்னப்போ யாரும் கத்தல, அடிக்கல, போனைப் பிடுங்கல. மூணு நாள் வீடே அமைதி. நாலாம் நாள் பெரியப்பா வந்து உக்காந்தார். "சரிம்மா. உன் இஷ்டம். ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு, பின்னாடி தம்பிக்குப் பிரச்சனை வரக்கூடாது பாரு." விடுதலைப் பத்திரம். வாய்க்கால் பாசனம் உள்ள ஒன்றரை ஏக்கர்ல அவ பாகத்தை விட்டுக்குடுக்கிற பத்திரம்.

அவ போட்டுட்டா. என்கிட்ட சொன்னது இதான்: "நிலம் போனது எனக்குப் பெருசாத் தெரியலடி. சம்மதத்துக்கு அதை விலையா வச்சாங்க பாரு, அதுதான் தூங்க விடல. நான் அவரைப் பத்திச் சொன்னேன், அவங்க நிலத்தைப் பத்திப் பதில் சொன்னாங்க."

இந்த வரியைக் கேட்டப்பதான் எனக்கு நாகம்மாளும் லிஸியும் ஒரே அலமாரியில உக்காந்தாங்க.

முறை மாப்பிள்ளை, அத்தை மகன், தாய்மாமன்னு நம்ம பக்கம் சொந்தத்துக்குள்ளயே முடிக்கிறதுக்கு ஆயிரம் பாசக் காரணம் சொல்லுவாங்க. பாசம் பொய்ன்னு நான் சொல்லல. எங்க அப்பாயி மட்டும் நேராச் சொல்லும்: "சொத்து வாசப்படி தாண்டாது, அதான்." அதுக்குக் கணக்கு தெளிவு.

இன்னைக்குச் சட்டம் எங்க நிக்குதுன்னும் சொல்லிடுறேன். தமிழ்நாட்டுல 1989லயே இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு குடுத்துத் திருத்தம் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அது இல்ல. 2005ல நாடு முழுக்க வந்த திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துடுச்சு. 2020ல வினீதா சர்மா வழக்குல உச்ச நீதிமன்றம், மகளுக்கு அது பிறப்பாலேயே வர்ற உரிமை, 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அப்பா தானே சம்பாதிச்ச சொத்தை அவர் உயில் எழுதி யாருக்கு வேணா குடுக்கலாம், அது வேற. ஆனா பூர்வீகச் சொத்துல, நீ யாரைக் கட்டிக்கிட்டேங்கிறதை வச்சு உன் பங்கு போகாது. உன் கையெழுத்தாலதான் போகும்.

அதனால நடைமுறையா ஒண்ணு. கல்யாணப் பேச்சும் பத்திரப் பேச்சும் ஒரே வாரத்துல வந்தா, பத்திரத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளுங்க. "வேணாம்"னு சண்டை போடச் சொல்லல. விட்டுக்குடுக்கணும்னு உங்களுக்கே தோணினா தாராளமா விட்டுக்குடுங்க. ஆனா அதை நிதானமா, ஒரு வக்கீல்கிட்ட படிக்கக் குடுத்துட்டு, கல்யாணத்தோட முடிச்சுப் போடாம செய்யுங்க. சம்மதம் தனி, சொத்து தனி. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வச்சதாலதான் நாகம்மாளுக்குப் பேச்சே வரல.

இன்னொண்ணு தோழிகளுக்கு. அறத்தொடு நிற்றல்ல வீட்டுப் பெரியவங்ககிட்ட முதல்ல பேசுறது தலைவி இல்ல, தோழி. நம்ம கூட்டத்துல யாராவது வீட்டுல சொல்ல முடியாம எட்டு மாசமாத் தவிச்சுக்கிட்டிருந்தா, "தைரியமாச் சொல்லிடு"ன்னு மெசேஜ் போட்டுட்டு நகர்ந்துடாதீங்க. கூடப் போங்க. அம்மாகிட்டயோ, புரிஞ்சுக்கிற ஒரு அத்தைகிட்டயோ முதல்ல போய் உக்காந்து பேசுங்க. லிஸிக்குக் கிடைக்காத ஆளா நீங்க இருக்கலாம்.

முதல்ல எதைப் படிக்கிறதுன்னு கேப்பீங்க. 'நாகம்மாள்'ல ஆரம்பிங்க, சின்னது. கொங்குப் பேச்சு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் இடிக்கும், அப்புறம் காது பழகிடும். அடுத்து 'புத்தம் வீடு'. 'குறிஞ்சித் தேன்' பெருசு, ஒரு மழைக்கால விடுமுறைக்கு வச்சுக்கோங்க. படிக்கும்போது ஒரு விளையாட்டு: ஒவ்வொரு காதல் காட்சியிலயும், அந்த வீடு யார் பேர்ல இருக்குன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. யார் பேசுறாங்க, யார் பேசாம நிக்கிறாங்கன்னு தானாப் புரியும்.

உங்க வீட்டுல பெரியவங்க யாராவது இப்படி ஒரு பத்திரத்துல கையெழுத்து போட்ட கதை இருந்தா, பேர் ஊர் இல்லாம எழுதி அனுப்புங்க. அவங்க சம்மதம் இருந்தா மட்டும் வாசிக்கிறேன். அடுத்த வாரம் பாக்கலாம்.